ரத்தத்தில் கால்சியம் இறங்கியது, செல்லுக்குள் ஏறியதாம்: கணைய அழற்சியில் எது உண்மை?

#1 பித்தக்கல்_முன்னாள்

மூன்று மாதத்துக்கு முன் ஒரு நடு இரவில் மேல்வயிற்றில் வலி தொடங்கியது. அரை மணி நேரத்தில் முதுகைத் துளைத்துக்கொண்டு போவதுபோல் ஆகிவிட்டது. மல்லாந்து படுக்க முடியவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தே விடியவிட்டேன். கேஸ் ஷீட்டில் 'அக்யூட் பான்கிரியாடைடிஸ்' என்று எழுதினார்கள், அதாவது திடீர் கணைய அழற்சி. பித்தப்பையிலிருந்து இறங்கிய சின்னக் கல்தான் காரணம். எட்டாம் நாள் வீடு திரும்பினேன். அப்புறம் பித்தப்பையையும் எடுத்தாயிற்று. இப்போது நன்றாக இருக்கிறேன்.

உடம்பு தேறிவிட்டது, ஒரு சந்தேகம் மட்டும் போகவில்லை. இரண்டாம் நாள் ரத்தப் பரிசோதனையில் கால்சியம் 7.6 என்று வந்தது. "கால்சியம் இறங்குது, பார்த்துக்குங்க" என்று கட்டிலருகே பேசிக்கொண்டார்கள். ஏன் என்று கேட்டேன். "இந்த நோயில் அப்படித்தான்" என்பதோடு சரி. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தால் கதை தலைகீழாக இருக்கிறது. கணைய செல்களுக்குள் கால்சியம் அளவுக்கு மீறி ஏறுவதால்தான் இந்த நோயே தொடங்குகிறது என்கிறார்கள்.

ஏறியதா, இறங்கியதா? எலும்புக்காகப் போட்டுக்கொண்டிருந்த கால்சியம் மாத்திரையைப் பயத்தில் நானே நிறுத்தி வைத்திருக்கிறேன். அது சரியா என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 இரவுப்பணி

தீவிர சிகிச்சைப் பிரிவில் மருத்துவராக இருக்கிறேன். இந்தக் குழப்பம் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களுக்கும் உண்டு, எனவே கூச்சப்படாதீர்கள். ரத்தத்தில் ஓடும் கால்சியம் ஒரு கணக்கு, செல்லுக்குள் இருப்பது வேறு கணக்கு. நடுவே செல்லின் சவ்வு காவல் நிற்கிறது.

ரத்தக் கணக்கை நான் சொல்கிறேன். கணையம் புண்ணாகும்போது லைபேஸ் என்ற செரிமான நொதி கசிந்து சுற்றியிருக்கும் கொழுப்பை உடைக்கிறது. கொழுப்பு உடைந்தால் கொழுப்பு அமிலம். அதோடு கால்சியம் சேர்ந்தால் சோப்பு. உவமைக்குச் சொல்லவில்லை, வேதியியல்படி அது சோப்பேதான். இப்படிப்பட்டவர்களின் வயிற்றைத் திறக்க நேர்ந்தால், கொழுப்பின் மேல் மெழுகு சொட்டிய மாதிரி வெள்ளைத் திட்டுகள் கிடக்கும். அங்கே போய் மாட்டிக்கொண்ட கால்சியம் ரத்தத்தில் குறைகிறது. 1974-ல் ரான்சன் வெளியிட்ட மதிப்பீட்டு முறையில், முதல் 48 மணி நேரத்தில் கால்சியம் டெசிலிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குக் கீழே போவது மோசமான அறிகுறிகளில் ஒன்று. உங்கள் கட்டிலருகே நடந்த பேச்சு அதைப் பற்றித்தான்.

ஆனால் ஒரு விஷயம் பார்க்க வேண்டும். ரத்தக் கால்சியத்தில் சுமார் 40 சதவீதம் அல்புமின் என்ற ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு திரிகிறது. அல்புமின் இறங்கினால் கால்சியமும் இறங்கியதுபோல் எண் காட்டும். உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் அன்றைய அல்புமின் எவ்வளவு என்று தேடிப் பாருங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தியதை உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பாராதைராய்டு கோளாறு போன்றவற்றால் ரத்தக் கால்சியம் நிஜமாகவே மிக உயர்ந்து கணைய அழற்சி வருவதும் உண்டுதான். அரிது, ரத்தப் பரிசோதனையிலேயே பிடிபட்டுவிடும். உங்களுக்கோ 7.6.

செல்லுக்குள் நடப்பதை ஆய்வகக்காரர்கள் வந்து சொல்லட்டும். நுண்நோக்கி அண்ணா, இருக்கிறீர்களா?

#3 நுண்நோக்கி

இருக்கிறேன் டாக்டர். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணையம் என்றதும் எல்லோருக்கும் இன்சுலின் ஞாபகம் வரும். அதைச் சுரக்கும் செல்கள் கணையத்தில் கொஞ்சம்தான். பெரும்பகுதி, செரிமான நொதிகளைத் தயாரிக்கும் ஏசினார் செல்கள். கூம்பு மாதிரி இருக்கும். அகன்ற அடிப்பக்கத்தில் புரதம் தயாராகிறது. குறுகிய நுனிப்பக்கத்தில் நொதிகள் குருணை குருணையாகப் பொட்டலம் கட்டி அடுக்கப்பட்டிருக்கும். நுனி திறப்பது நாளத்துக்குள். டிரிப்சின் மாதிரி புரதத்தைக் கடித்துக் குதறும் நொதிகள் 'டிரிப்சினோஜன்' என்ற பூட்டிய வடிவத்தில்தான் பொட்டலத்தில் இருக்கும். பூட்டைத் திறக்கும் என்டரோகைனேஸ் கணையத்தில் கிடையாது, முன்சிறுகுடலின் சுவரில் இருக்கிறது. வீட்டில் வெடிமருந்தை வைத்துவிட்டு, தீக்குச்சியை அடுத்த தெருவில் வைத்திருக்கும் ஏற்பாடு.

இப்போது கால்சியம். செல் ஓய்வாக இருக்கும்போது உள்ளே சைட்டோபிளாசத்தில் சுமார் 100 நானோமோலார். வெளியே ஒரு மில்லிமோலாருக்கு மேல். அதாவது உள்ளே ஒரு பங்கு என்றால் வெளியே பத்தாயிரம் பங்கு. கப்பலுக்கு வெளியே கடல் இருக்கிற மாதிரி. எந்த ஓட்டை விழுந்தாலும் உள்ளேதான் வரும். இதனால்தான் மாத்திரை பற்றிய உங்கள் பயத்துக்கு அடிப்படை இல்லை என்கிறேன். ரத்தத்தில் 7.6 ஆனாலும் 9.6 ஆனாலும் செல்லைப் பொறுத்தவரை வெளியே இருப்பது கடல்தான். ஓட்டை எங்கே என்பதே கேள்வி.

செல்லுக்குள்ளேயும் ஒரு கிடங்கு உண்டு. எண்டோபிளாச வலைப்பின்னல். சாப்பிட்டதும் வேகஸ் நரம்பு அசிட்டைல்கோலினை விடுகிறது, குடல் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனை விடுகிறது. இவை செல்லின் கதவைத் தட்டியதும் உள்ளே ஐபி3 மாதிரியான சின்னத் தூதர்கள் கிளம்பிப் போய்க் கிடங்கின் வாசலைத் திறக்கின்றன. கால்சியம் நுனிப்பக்கம் மட்டும் ஒரு துள்ளு துள்ளி, சில விநாடிகளில் அடங்கும். மறுபடி துள்ளும், அடங்கும். ஒவ்வொரு துள்ளலுக்கும் சில பொட்டலங்கள் நாளத்துக்குள் அவிழும். நமக்குச் சாப்பாடு செரிப்பது இந்தத் துள்ளலால்தான்.

ஐபி3 கிடங்கிலிருந்து கால்சியத்தை விடுவிக்கிறது என்று முதன்முதலில் காட்டப்பட்டதும் இதே ஏசினார் செல்லில்தான். 1983-ல் ஷ்ட்ரெப், இர்வின், பெரிட்ஜ், ஷூல்ட்ஸ் நால்வரும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். இன்று உடம்பெங்கும் பேசப்படும் ஐபி3-க்குப் பிறந்த வீடு கணையம். எங்கள் ஆட்கள் இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொள்வோம்.

துள்ளல் ஏன் நுனியோடு நிற்கிறது? பொட்டலங்கள் இருக்கும் பகுதியைச் சுற்றி மைட்டோகாண்ட்ரியாக்கள் இடுப்புக் கச்சை மாதிரி வரிசையாக நிற்கின்றன. பரவ வரும் கால்சியத்தை அவை வாங்கி விழுங்கிவிடும். விழுங்கிய கால்சியமே அவற்றை முடுக்கிவிட்டு ஏடிபியை அதிகம் தயாரிக்க வைக்கும். அந்த ஏடிபிதான் கால்சியத்தைக் கிடங்குக்கும் வெளியேயும் திருப்பித் தள்ளும் பம்புகளுக்கு எரிபொருள். எனக்கு இந்த உடம்பிலேயே மிகப் பிடித்த ஏற்பாடு இது. குழப்பம் பண்ண வருகிறவனையே பிடித்து வேலைக்கு வைத்துக்கொள்வது.

நோயில் நடப்பது, துள்ளலுக்குப் பதில் மேடு. கால்சியம் செல் முழுக்க ஏறி, இறங்காமல் அப்படியே நிற்கும்.

#4 முதுகலை_இரண்டாமாண்டு

அண்ணா சொன்ன "துள்ளல், மேடு" இரண்டையும் போன மாதம்தான் கண்ணால் பார்த்தேன். அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எலியின் கணையத்தைக் கொலாஜனேஸ் கரைசலில் ஊறவைத்து, பிப்பெட்டால் நாலைந்து தடவை மேலும் கீழும் இழுத்துவிட்டால் செல்கள் தனித்தனியாகவும் மூன்று நான்காகவும் பிரிந்து வரும். கை கொஞ்சம் அழுத்தினாலும் பாதி செத்துவிடும். என் முதல் இரண்டு தட்டும் அப்படித்தான் போயிற்று. ஃபியூரா-2 என்ற சாயத்தை ஏற்றி, 340, 380 நானோமீட்டர் ஒளியை மாற்றி மாற்றி அடிப்போம். இரண்டு ஒளிக்கும் கிடைக்கும் ஒளிர்வின் விகிதம்தான் கால்சியம் அளவு.

கோலிசிஸ்டோகைனினை முதலில் 10 பிக்கோமோலார் விட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தில் இருப்பது ஏறக்குறைய அந்த ரகம்தான். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு திரையில் கோடு பல் பல்லாக ஏறி இறங்கத் தொடங்கியது, சீப்பைக் குப்புற வைத்த மாதிரி. அடுத்த தட்டில் 10 நானோமோலார், ஆயிரம் மடங்கு. கோடு ஒரே ஏற்றமாக ஏறி, கொஞ்சம் இறங்கி, அப்படியே நின்றுவிட்டது. சீப்பு இல்லை, திண்ணை. விளக்கை மாற்றிச் சாதாரண ஒளியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, குருணைகள் நெருக்கமாகக் கிடந்த நுனிப்பக்கத்தில் ஒன்றிரண்டு குமிழ். பிறகு இன்னும் சில. சோப்பு நுரை மாதிரி. அந்தக் குமிழ்களுக்குள்தான் டிரிப்சின் விழித்துக்கொள்கிறது என்று எங்கள் வழிகாட்டி சொன்னார்.

ஒரே ஹார்மோன், ஒரே செல். அளவு மட்டும்தான் மாறியது. கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

#5 ஏன்_எதற்கு

வர்ணனை நன்றாக இருக்கிறது தங்கச்சி. ஆனால் எனக்கு ஒரு நெருடல். ஆயிரம் மடங்கு ஹார்மோனை எந்த மனிதனும் சுரப்பதில்லை. செல்லை நீங்களே அடித்துவிட்டு, அடி வாங்கிய செல்லில் கால்சியம் ஏறியிருக்கிறது என்கிறீர்கள். சாகப்போகிற எந்த செல்லிலும் கால்சியம் ஏறத்தான் செய்யும். வீடு எரிந்த பிறகு புகையைக் காட்டி, புகைதான் தீ வைத்தது என்கிற மாதிரி இருக்கிறது.

#6 நுண்நோக்கி

நியாயமான கேள்வி. இதே கேள்வியைத்தான் 1995-ல் 'லான்செட்' இதழில் வார்டு, பீட்டர்சன், ஜென்கின்ஸ், சட்டன் தலைப்பாகவே வைத்தார்கள்: செல்லுக்குள் ஏறும் கால்சியம்தான் கணைய அழற்சியின் விசையா? அப்போது அது ஊகம். அதற்கும் நூறு வருஷம் முன்னால் 1896-ல் ஹான்ஸ் கியாரி, கணையம் தன்னைத் தானே செரித்துக்கொள்கிறது என்று சொல்லியிருந்தார். எது தொடங்கிவைக்கிறது என்பதுதான் தெரியாமல் இருந்தது.

புகையா தீயா என்று பார்க்க ஒரே வழி, கால்சியத்தை மட்டும் பிடித்து நிறுத்துவது. 2000-ல் லிவர்பூல் குழு செய்தது. கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும் பாப்டா என்ற பொருளை செல்லுக்குள் ஏற்றிவிட்டு அதே பெரிய அளவு ஹார்மோனைக் கொடுத்தார்கள். குமிழும் வரவில்லை, டிரிப்சினும் விழிக்கவில்லை. இன்னொரு தட்டில் வெளியே இருந்த கால்சியத்தை எடுத்துவிட்டுக் கொடுத்தார்கள். கிடங்கிலிருந்து வரவேண்டியது வந்தது, ஆனால் மேடு நிலைக்கவில்லை, சேதமும் இல்லை. அதாவது கிடங்கு திறப்பது முதல் படி, கடல் உள்ளே வருவது இரண்டாம் படி. கொல்வது இரண்டாவது.

கடல் உள்ளே வரும் ஓட்டைக்குப் பெயரும் இருக்கிறது. கிடங்கு காலியானதை ஸ்டிம்1 என்ற புரதம் உணர்ந்து, செல் சவ்வில் இருக்கும் ஒராய்1 என்ற வாசலைத் திறக்கிறது. கிடங்கை மறுபடி நிரப்பிக்கொள்ளத்தான் அந்த ஏற்பாடு. கிடங்கு நிரம்பாமலே இருந்தால் வாசல் மூடாமலே இருக்கும். (ஒராய் என்பது கிரேக்கப் புராணத்தில் சொர்க்க வாசலின் காவலர்கள் பெயர். இங்கே காவலர்கள் கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள்.)

ஆயிரம் மடங்கு செயற்கை என்பதை ஒத்துக்கொள்கிறேன். எலிகளில் இந்த நோயை வரவழைக்கப் பலரும் ஊசி போடும் செரூலின்கூட ஒரு ஆஸ்திரேலியத் தவளையின் தோலில் கண்டுபிடிக்கப்பட்ட பெப்டைடுதான். எந்த நோயாளியையும் அந்தத் தவளை கடித்ததில்லை. ஆனால் பித்த அமிலம், மதுவிலிருந்து வரும் பொருள்கள், அழுத்தம் என்று எதைக் கொடுத்தாலும் செல் போய்ச் சேரும் இடம் அதே மேடுதான்.

#7 ஏன்_எதற்கு

பாப்டா சோதனையை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் டிரிப்சின்தான் எல்லாம் என்ற கதை? எலிகளில் டிரிப்சினோஜன்-7 மரபணுவை எடுத்துவிட்டு 2011-ல் ஒரு சோதனை வந்ததே. டிரிப்சின் விழிக்காத அந்த எலிகளுக்கும் கணைய அழற்சி வந்தது.

#8 நுண்நோக்கி

வந்தது. செல் சாவு பாதியாகக் குறைந்தது, அழற்சி குறையவில்லை. அந்தச் சோதனை எங்கள் வட்டாரத்தில் பலருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அதுவரை கால்சியம், பிறகு டிரிப்சின், பிறகு சேதம் என்று ஒரே கயிறாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது கால்சிய மேட்டிலிருந்து பல கிளை பிரிகிறது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு கிளை டிரிப்சின். ஒரு கிளை, அழற்சி மரபணுக்களைத் தட்டி எழுப்பும் என்எஃப்-கப்பா-பி. இன்னொன்று மைட்டோகாண்ட்ரியா. என்னைக் கேட்டால் மூன்றாவதுதான் பெரியது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

#9 முதுகலை_இரண்டாமாண்டு

டிரிப்சினை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது அண்ணா. 1996-ல் பரம்பரைக் கணைய அழற்சிக் குடும்பங்களில் கண்டுபிடித்த மரபணு மாற்றமே டிரிப்சினோஜனில்தானே. டிரிப்சின் தவறி விழித்தால் தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அந்த இடம் மாறிப்போனால் வெட்டிக்கொள்ள முடியாது.

அதிலும் கால்சியம் வருகிறது. தவறி விழித்த டிரிப்சினை அழிக்க கைமோடிரிப்சின்-சி என்று ஒரு காவல் நொதி இருக்கிறது. கால்சியம் குறைவாக இருக்கும்போதுதான் அது வெட்டும். அதிகமானால் டிரிப்சினோடு கால்சியம் ஒட்டிக்கொண்டு, வெட்டும் இடத்தை மறைத்துவிடுகிறது.

இதில் பித்தக்கல் அண்ணனுக்கு ஒரு வேடிக்கை. இதே நொதியை முதலில் வேறு ஒரு குழு 'கால்டெக்ரின்' என்ற பெயரில் கணையத்திலிருந்து பிரித்தெடுத்தது. ரத்தக் கால்சியத்தைக் குறைக்கும் பொருள் என்று நினைத்து!

#10 சும்மா_வாசிப்பவன்

ஐபி3 வாசலை காஃபீன் அடைக்கும் என்று எங்கோ படித்த ஞாபகம். அப்படியென்றால் இரண்டு டம்ளர் காபி கூடக் குடிக்கலாமா? வீட்டில் ஒரு காரணம் வேண்டும்.

#11 நுண்நோக்கி

அடைப்பது உண்மை. 2017-ல் எலிகளில் செய்து காட்டினார்கள், கணையச் சேதம் குறைந்தது. ஆனால் அதற்குத் தேவைப்பட்டது ரத்தத்தில் மில்லிமோலார் கணக்கில். காபி குடித்தவர் ரத்தத்தில் இருப்பது அதைவிடப் பல பத்து மடங்கு குறைவு. அந்த அளவுக்குக் குடித்தால் கணையம் பிழைக்கும், இதயம் பிழைக்காது. வீட்டில் வேறு காரணம் சொல்லுங்கள்.

#12 பித்தக்கல்_முன்னாள்

எல்லோருக்கும் நன்றி. மூன்று தடவை படித்தேன். ஒரு இடம் இடிக்கிறது. என் கல் நாளத்தின் வாயில் கிடந்தது. செல்லோ எங்கோ உள்ளே இருக்கிறது. கல் செல்லைத் தொடவே இல்லையே? அது எப்படிக் கால்சியத்தை ஏற்றியது?

#13 நுண்நோக்கி

இதற்கு இரண்டு வழி சொல்கிறார்கள்.

1901-ல் ஓபி என்ற நோய்க்குறியியலாளர் பிரேதப் பரிசோதனை ஒன்றில், பித்த நாளமும் கணைய நாளமும் சேர்ந்து குடலில் திறக்கும் வாயில் ஒரு சின்னக் கல் அடைத்திருப்பதைப் பார்த்தார். வாய் அடைத்தால் பித்தம் கணைய நாளத்துக்குள் திரும்பிப் பாயலாம் அல்லவா? பித்த அமிலம் செல்லின் நுனியைத் தொட்டால், அங்கே அதற்கென்றே ஒரு ஏற்பி இருக்கிறது. தொட்டதும் கிடங்கு திறக்கிறது. டாரோலித்தோகோலிக் அமில சல்ஃபேட் என்று வாயில் நுழையாத பெயருள்ள ஒன்றைத்தான் ஆய்வகத்தில் பயன்படுத்துவோம்.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது. பித்தமே வரவேண்டாம், அழுத்தம் போதும். நாளம் அடைபட்டால் உள்ளே சுரப்பு தேங்கி அழுத்தம் ஏறும். ஏசினார் செல்லில் பியேசோ1 என்ற வாசல் இருக்கிறது, அழுத்தினால் திறக்கும் ரகம். பியேசோ வாசல்களைக் கண்டுபிடித்த பட்டபூட்டியனுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 2018-ல் ஒரு குழு, ஏசினார் செல்லில் பியேசோ1 இல்லாத எலிகளை உருவாக்கி நாளத்துக்குள் அழுத்தம் ஏற்றியது. அவை தப்பித்தன. அந்த வாசலைத் திறக்கும் ரசாயனத்தை மட்டும் சாதாரண எலிக்குக் கொடுத்தபோது, அழுத்தமே இல்லாமல் கணைய அழற்சி வந்தது.

ஆக, உங்கள் கல் செல்லைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. குழாயின் வாயை அடைத்தாலே போதும்.

#14 இரவுப்பணி

நாளத்துக்குள் எண்டோஸ்கோப்பி வழியாகச் சாயம் செலுத்தும் இஆர்சிபி செய்தபின் சிலருக்குக் கணைய அழற்சி வருவது எங்களுக்குப் பழைய தலைவலி. மேலே சொன்னது அதற்கும் பொருந்துகிறது. தொட்டதற்கே கணையம் கோபித்துக்கொள்ளும் என்று அறுவை சிகிச்சை ஆசிரியர்கள் சொல்லுவார்கள். வெறும் பழமொழி என்று நினைத்திருந்தேன்.

#15 சும்மா_வாசிப்பவன்

இந்தத் தடவை விளையாட்டில்லை. நெருங்கியவர் ஒருவருக்குக் குடியால் இரண்டு முறை வந்துவிட்டது. சாராயம் நேரடியாகவா செல்லைத் தாக்குகிறது?

#16 நுண்நோக்கி

நேரடியாகப் பார்த்தால் ஆச்சரியம். செல் மேல் எத்தனாலை மட்டும், அதுவும் மனிதன் தாங்கவே முடியாத அளவில் ஊற்றினாலும் கால்சியம் பெரிதாக அசையவில்லை. 2004-ல் லிவர்பூலில் பார்த்தது இது. கொல்வது எத்தனாலும் கொழுப்பு அமிலமும் கூடிப் பெறும் பிள்ளை: கொழுப்பு அமில எத்தில் எஸ்டர். கல்லீரல் மதுவை ஆக்சிஜனேற்றம் செய்து அப்புறப்படுத்துகிறது. கணையத்திலோ கொழுப்பு அமிலத்தோடு இணைக்கும் நொதிகள் நிறைய இருக்கின்றன. போதையில் இறந்தவர்களின் உறுப்புகளை 1986-ல் ஆராய்ந்தபோது இந்த எஸ்டர் அதிகம் இருந்தது கணையத்தில்தான்.

எஸ்டர் ஐபி3 வாசலைத் திறந்து கிடங்கைக் காலி செய்கிறது. அதோடு விடுவதில்லை. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் மறுபடி கொழுப்பு அமிலமாக உடைந்து, அங்கே ஏடிபி தயாரிப்பையும் கெடுக்கிறது. கால்சியத்தை உள்ளே விடுவதும் அதுதான், வெளியே தள்ளும் பம்பின் எரிபொருளை நிறுத்துவதும் அதுதான். உங்கள் நெருங்கியவரிடம் சொல்லுங்கள், மூன்றாம் முறைக்கு இடம் வைக்க வேண்டாம் என்று.

#17 ஏன்_எதற்கு

கால்சியம்தான் வில்லன் என்றால், ரத்த அழுத்தத்துக்குக் கோடிக்கணக்கானோர் போடும் கால்சியம் சேனல் மாத்திரை, அம்லோடிபின் வகையறா, இதற்கு ஏன் கொடுப்பதில்லை?

#18 முதுகலை_இரண்டாமாண்டு

இது எனக்குத் தெரியும்! அம்லோடிபின் அடைப்பது மின்னழுத்தத்தால் திறக்கும் வாசலை. இதயத்திலும் ரத்தக்குழாய்த் தசையிலும் இருப்பது. ஏசினார் செல் மின்தூண்டலில் வேலை செய்யும் செல் இல்லை, அதன் முக்கிய வாசல் ஒராய்1. பூட்டு வேறு, சாவி வேறு.

#19 நுண்நோக்கி

சரியாகச் சொன்னாய். அப்புறம் வருகிறேன் என்ற மைட்டோகாண்ட்ரியா விஷயம் பாக்கி இருக்கிறது.

கால்சியம் ஏறுவதால் செல் சாவதில்லை என்று சொன்னால் இந்த இழையில் அடி விழும். இருந்தாலும் சொல்கிறேன். ஏறிய கால்சியத்தை இறக்கக் கையில் எரிபொருள் இல்லாததால்தான் செல் சாகிறது. கச்சை மாதிரி நின்ற மைட்டோகாண்ட்ரியாக்கள் கொஞ்ச கால்சியம் வாங்கினால் சுறுசுறுப்பாகும். ஓயாமல் வாங்கினால் அவற்றின் உள்சவ்வில் ஒரு துளை திறந்துகொள்ளும். சைக்லோஃபிலின்-டி என்ற புரதம் அதைத் திறக்க உதவுகிறது. துளை திறந்தால் சவ்வின் மின்னழுத்தம் போயிற்று, ஏடிபி போயிற்று. பம்பு நிற்கும். பம்பு நின்றால் கால்சியம் இன்னும் ஏறும். ஒழுங்காகச் சாவதற்குக்கூட ஏடிபி வேண்டும். தன்னை மடித்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு போவதுதான் அபோப்டோசிஸ். ஏடிபி இல்லாத செல் அது முடியாமல் வெடித்துக் கொட்டிவிடுகிறது, நெக்ரோசிஸ். கொட்டியதைப் பார்த்துத்தான் வெள்ளணுக்கள் படையாகக் கிளம்பி வருகின்றன. சைக்லோஃபிலின்-டி இல்லாத எலிகளில் பல வகையாக வரவழைத்த கணைய அழற்சியும் லேசாகவே போனது, 2016-ல் வந்த ஆய்வு.

இதற்கு ஒரு நேர்ச் சோதனையும் இருக்கிறது. எஸ்டர் பட்ட செல்லுக்குள் நுண்குழாய் வழியாக ஏடிபியை நேராக ஊட்டினால் மேடு நிலைப்பதில்லை. வாசலை யாரும் மூடவில்லை, எரிபொருள் கொடுத்தது மட்டும்தான்.

2018-ல் கார்டிஃப் குழு இன்னும் எளிதாக ஒன்று செய்தது. குளுக்கோஸை எரிக்கும் முதல் படியில் ஹெக்சோகைனேஸ் என்ற நொதி இருக்கிறது. கணைய அழற்சியைத் தூண்டும் பொருள்கள் சில அதை முடக்குகின்றன, எனவே குளுக்கோஸ் இருந்தும் செல் பட்டினி. கேலக்டோஸ் அந்தப் படியைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் நுழையும். எலிகளுக்கு அதைக் கொடுத்தபோது சேதம் வெகுவாகக் குறைந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்குத் தரும் அஸ்பராஜினேஸ் மருந்தால் சிலருக்குக் கணைய அழற்சி வருகிறது. அந்த மருந்தால் செல்லுக்கு வரும் சேதத்தையும் கேலக்டோஸ் தடுத்தது. உயர்தர மருந்து ஒன்றுமில்லை, பாலில் இருக்கும் சர்க்கரையின் பாதி. உடனே யாரும் வீட்டில் முயற்சி பண்ண வேண்டாம், இது எலி.

#20 இரவுப்பணி

வார்டில் இன்றைக்கு என்ன இருக்கிறது என்று நானும் சொல்லிவிடுகிறேன். கால்சிய மேட்டை இறக்கும் மருந்து எங்கள் அலமாரியில் இன்னும் இல்லை. ஒராய்1-ஐ அடைக்கும் 'ஆக்ஸோரா' என்ற ஊசி மருந்து நோயாளிகளிடம் இரண்டாம் கட்டச் சோதனை வரை போயிருக்கிறது. எங்கள் சங்கடம் நேரம்தான். ஆய்வகத்தில் மருந்தை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு செல்லை அடிக்கலாம். எங்களிடம் வருகிறவர் வலி தொடங்கிப் பல மணி நேரம் கழித்துத்தான் வருகிறார்.

எனவே திரவம், வலி நிவாரணம், முடிந்தவரை சீக்கிரம் வாய்வழி உணவு, கல் இருந்தால் பித்தப்பையை எடுப்பது. திரவத்திலும் அடக்கம் வந்துவிட்டது. முன்பெல்லாம் தாராளமாக ஊற்றுவோம். 2022-ல் 'வாட்டர்ஃபால்' சோதனையில், வேகமாக ஊற்றியவர்களில் 20.5 சதவீதத்தினருக்கு உடம்பில் நீர் மிகுந்தது, நிதானமாகக் கொடுத்தவர்களில் 6.3 சதவீதம்தான். நோய் தீவிரத்தில் லாபமும் இல்லை. சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள்.

பித்தக்கல் சார், அல்புமின் கேட்டேனே?

#21 பித்தக்கல்_முன்னாள்

இப்போதுதான் ஃபைலைத் தோண்டினேன். இரண்டாம் நாள் அல்புமின் 2.4.

#22 இரவுப்பணி

அப்படியா! எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. இயல்பான அல்புமினை 4 என்று வைத்து, அதிலிருந்து குறையும் ஒவ்வொரு 1-க்கும் கால்சியத்தில் 0.8 கூட்ட வேண்டும். உங்களுக்கு 1.6 குறைவு, எனவே 1.28. 7.6-ஓடு சேர்த்தால் கிட்டத்தட்ட 8.9. இயல்பின் கீழ் விளிம்பு. இந்தச் சூத்திரம் கரடுமுரடானது, எதோடும் ஒட்டாமல் திரியும் அயனிக் கால்சியத்தை அளந்திருந்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும். ஆனாலும் உங்கள் கால்சியம் பெரிதாக இறங்கியிருக்க வாய்ப்பில்லை. இறங்கியது அல்புமின்.

#23 ஏன்_எதற்கு

இருபது பதிவு ஓடிய பிறகு, கேள்வியில் இருந்த எண்ணே ஆட்டம் காண்கிறது. பிரமாதம்.

#24 பித்தக்கல்_முன்னாள்

சிரித்துவிட்டேன். இன்று மருத்துவரைப் பார்த்தேன். அயனிக் கால்சியம் அப்போது எடுக்கவில்லையாம். இப்போது எடுத்த கால்சியம் 9.3, அல்புமின் 4.1. மாத்திரையை மறுபடி போடச் சொல்லிவிட்டு, "யார் நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டார். நான்தான் என்று சொல்ல மனம் வரவில்லை. இணையத்தில் படித்தேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.